பதினான்கு வினாடி

தீயணைப்பு நிலையத்தின் சாப்பாட்டு அறையில் ஒரு கரும்பலகை இருந்தது. இடப்பக்கம் அன்றன்றைய பணிமுறை எழுதப்படும். வலப்பக்கம், கோடு போட்டுப் பிரித்த ஒரு சாண் இடத்தில், மூன்று எண்கள் இருந்தன. ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. பலகையைத் துடைப்பவர்கள் கோட்டருகே வந்ததும் துணியை நிறுத்திக்கொள்வார்கள்.

மூன்று எண்களும் தீயணைப்புக் குழுவின் தலைவரான லீடருடையவை. மூன்று வருடத்து வெற்றி.

வருடத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியிலிருந்து மூச்சு பார்க்கும் மெஷின் வரும். முகமூடி போட்டுப் புகைக்குள் போகிறவர்கள் அதில் ஊதிக் காட்ட வேண்டும். அட்டைக் குழாயை வாயில் வைத்து, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே தள்ளாகத் தள்ளி, நெஞ்சில் மிச்சமில்லாத வரை ஊத வேண்டும். படிவத்தில் ஒரே கட்டம்தான். மொத்தம் எத்தனை லிட்டர். அதைப் பற்றி நிலையத்தில் யாரும் கவலைப்பட்டதில்லை. அவர்கள் வைத்துக்கொண்ட பந்தயம் வேறு. யார் அதிக நேரம் ஊதுகிறார்? வென்றவருக்கு ஒரு வாரம் தண்ணீர் பீய்ச்சும் ஹோஸ் குழாய்களைக் கழுவும் வேலை இல்லை. மதியச் சாப்பாட்டில் இரண்டு அவித்த முட்டை கூடுதல்.

இந்த வருடம் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தது லீடரின் மருமகள். ஆஸ்பத்திரியில் அந்த வேலைக்கு இரண்டு பேர்தான். மற்றவள் பிரசவ விடுப்பில் இருந்தாள்.

"வீட்ல மாமனார் அதட்டுவாரு. இங்க மருமக அதட்டப் போவுது," என்றார் டிரைவர். லீடரும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"நான் எங்கய்யா அதட்டினேன்? எங்க வீட்ல என் குரல் ரேடியோவுல வந்தாத்தான் கேப்பாங்க."

லீடருக்கு ஐம்பத்தொரு வயது. அகன்ற தோள். சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட்டின் மூலை தெரியும். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், முப்பது வருடமாக.

அவள் மெஷினைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். மூக்கில் கிளிப் மாட்டினாள். "இழுங்க, இழுங்க, இன்னும். ஊதுங்க!" என்று கத்தினாள். இந்த வேலையில் கத்தத்தான் வேண்டும். சுற்றி நின்றவர்கள் எண்ணினார்கள். ஐந்து, ஐந்து, ஆறு. டிரைவர் ஏழு.

"ஏழா? வண்டி ஓட்டற நேரத்துல பாதி ஹாரன் அடிச்சே உன் மூச்சு போயிடுது," என்றார் லீடர்.

அவர் கடைசியாக உட்கார்ந்தார். ஊதினார். ஆறு வரை சாதாரணமாக எண்ணினார்கள். பத்தில் குரல் ஏறியது. அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உடம்பு முன்னால் வளைந்தது. பதினான்கில் குழாயை வாயிலிருந்து எடுத்தார். கைதட்டல் வெளியே குழாய் உலர்த்தும் கோபுரம் வரை கேட்டது. டிரைவர் பன்னிரண்டுக்குக் கீழே பதினான்கு என்று எழுதினார்.

மருமகள் கைதட்டவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் படிவம் மாறியிருந்தது. இப்போது மூன்று கட்டங்கள். மொத்தம் எத்தனை லிட்டர். முதல் வினாடியில் எத்தனை லிட்டர். மொத்தத்தில் முதல் வினாடி நூற்றுக்கு எத்தனை பங்கு. நல்ல நுரையீரல் முதல் வினாடியிலேயே முக்கால் பங்கைத் தள்ளிவிடும். எழுபதுக்குக் கீழே வந்தால் மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருக்கின்றன என்று பொருள்.

லீடரின் மொத்தம் ஐந்து லிட்டர். அன்று ஊதியவர்களில் அதுதான் அதிகம். முதல் வினாடி மூன்று புள்ளி ஒன்று. பங்கு அறுபத்திரண்டு.

அவள் இன்னும் இரண்டு முறை ஊதச் சொன்னாள். அதே வளைவு. உச்சிக்குப் போய் உடனே சரிந்து, பிறகு தரையோடு தரையாக நீண்டு நீண்டு போனது.

"என்னம்மா, ரிக்கார்டா?" என்றார் லீடர்.

"ரிப்போர்ட் எழுதிட்டுச் சொல்றேன் மாமா."

மெஷினைப் பெட்டியில் வைக்கும்போது கரும்பலகையைப் பார்த்தாள். ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு. பழைய ரிப்போர்ட்டுகளில் லிட்டர் மட்டும்தான் இருந்தது. அதில் ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது இங்கே சுவரில் இருந்தது. வருடா வருடம் எழுதி வைத்திருந்தார்கள். அழிக்காமல் காப்பாற்றியும் வந்திருந்தார்கள்.

*

சாயங்காலம் லீடர் வீட்டுக் கொல்லையில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். மாலை வேளையில் அவர் இடம் அதுதான். வீட்டுக்குள் பிடிக்கக்கூடாது என்பது அவர் மனைவி, மருமகளுக்கு அத்தை, போட்ட சட்டம். மகன் வேறு ஊரில் வேலை பார்த்தான். மாதம் ஒரு முறை வருவான். மற்ற நாட்களில் வீட்டில் மூன்று பேர்.

மருமகள் துணி எடுக்கிற சாக்கில் வந்தாள். கொடியில் இரண்டு துண்டுகள்தான் இருந்தன.

"மாமா, இன்னைக்கு ரிப்போர்ட் சரியா வரல."

"மெஷின் சரியில்லையா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு."

அவர் புகையை அவள் பக்கம் போகாமல் திருப்பி விட்டார்.

"பதினாலு செகண்டும்மா. எல்லாரும் பார்த்தாங்க. ஏழுக்கு மேல ஒருத்தன் தாண்டல."

"அதான் மாமா. அவ்வளவு நேரம் ஆகக் கூடாது."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"வேலை முடிஞ்சு ஹோஸைக் கோபுரத்துல தொங்க விடுவீங்கல்ல. தண்ணி எவ்வளவு நேரத்துல வடியும்?"

"நல்ல ஹோஸ்னா சடக்குனு வடிஞ்சிரும்."

"ஒரு ஹோஸ் மட்டும் ரொம்ப நேரம் சொட்டிக்கிட்டே இருந்தா?"

"எங்கயாவது மடிஞ்சிருக்கும். இல்ல உள்ள அடைச்சி…"

சிகரெட் நுனியில் சாம்பல் வளைந்து நின்றது.

"இது புகைக்குள்ள போற வேலைம்மா. அதுல வந்திருக்கும்."

"அங்க முகமூடி போட்டுக்கிட்டுப் போறீங்க மாமா. மத்தவங்களும் அதே புகைக்குள்ளதான் போறாங்க."

"எனக்கு இருமல் கிடையாது. இளைப்பு கிடையாது. நாப்பது கிலோ தூக்கிட்டு மூணு மாடி ஏறுறேன்."

"மாடிப்படி பாதியில நின்னு செருப்பைச் சரி பண்றீங்க."

"ஆமா. கழண்டுக்குது."

"அதுல வாரே இல்லையே மாமா."

அவர் கால்களைப் பார்த்தார். கொல்லைச் சுவருக்கு அப்பால் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருமல் வர்றதுக்கு முன்னாலயே இது காட்டிக் குடுத்துடும்," என்றாள். "இப்ப சிகரெட்டை விட்டீங்கன்னா, போனது திரும்பி வராது. ஆனா போற வேகம் குறையும். விடலன்னா இன்னும் அஞ்சாறு வருஷத்துல இந்த வாளி வரைக்கும் நடந்து வர்றதே வேலையாயிடும்."

"ஜோசியம் சொல்ற."

"கணக்கு சொல்றேன்."

"எங்க ஸ்டேஷன் ஆபீஸருக்கு ரிப்போர்ட்டைக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன். பத்து நாள்ல மறுபடியும் ஊதணும். மூச்சுக்குழாயைத் திறக்கற மருந்தை இழுத்துட்டு ஊதணும்னு டாக்டர் எழுதியிருக்காரு. அதுவரைக்கும் முகமூடி வேலை இல்ல. அப்பவும் எழுபதுக்குக் கீழ வந்தா…"

"பம்புல நிக்க வைப்பாங்க," என்றார். "வெளிய நின்னு தண்ணி திறந்து விடலாம். நல்ல வேலை."

சிகரெட்டை வாளியில் அழுத்தி அணைத்தார். எழுந்து உள்ளே போவார் என்று அவள் நினைத்தாள். அவர் பையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பற்றவைத்தார்.

*

அடுத்த நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. சண்டை இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் அத்தையிடம் கேட்டார். அவள் பரிமாற வந்தால், போதும் என்று கைகாட்டினார். முன்பெல்லாம் அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்து சைக்கிள் டயரை அழுத்திப் பார்ப்பார். இப்போது அதுவும் இல்லை.

நான்காம் நாள் மழை. நிலையத்தில் பலகை போட்ட தரையைக் கழுவி, ஹோஸ்களின் பித்தளை மூட்டுகளைத் தேய்த்து, லீடர் மத்தியானமே வந்துவிட்டார். சட்டையில் பித்தளைப் பாலிஷ் நாற்றம். பத்து நாளும் அவருக்கு அந்த வேலைதான் கொடுத்திருந்தார்கள். அத்தை அவருக்குச் சோறு போட்டுவிட்டு, அவர் தூங்கப் போனதும் சமையலறைக்கு வந்தாள். மருமகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு வார விடுமுறை.

அத்தை எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்து இன்னொரு கத்தியை எடுத்தாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"கேளுங்க அத்தை."

"நீ எழுதறதுதானே ரிப்போர்ட்டு?"

"மெஷின் எழுதும். நான் கையெழுத்துப் போடுவேன்."

"கொஞ்சம் முன்ன பின்ன…"

மருமகள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"எனக்குத் தெரியும், தப்பு. இந்த மனுஷன் கல்யாணத்தன்னிக்கு மாலையைக் கழட்டி வச்சிட்டு வண்டி ஏறிப் போனவரு. நான் அந்த மேடையில தனியா உட்கார்ந்திருந்தேன். வந்தவங்கல்லாம் மாப்பிள்ளை எங்கேன்னு கேக்கறாங்க. நெருப்பணைக்கப் போயிருக்காருன்னு சொல்றேன், எல்லாரும் சிரிக்கிறாங்க. அவரைப் போயி வெளிய நின்னு பாருன்னா…"

"சிகரெட்டை நிறுத்தச் சொன்னீங்களா அத்தை?"

"முப்பது வருஷமா அதைத்தானே சொல்றேன். வீட்டுக்குள்ள வேணாம்னு கொல்லைக்குத் துரத்தினேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது." அத்தை கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். வெங்காயம் காரம். "போன மாசம் அந்த கிடங்கு பத்திக்கிச்சே. அன்னிக்குச் சீக்கிரமே வெளிய வந்துட்டாராம். முதுகுல மாட்டற காத்து சிலிண்டர் லீக்குன்னு சொன்னாரு. அதுக்கே ரெண்டு நாள் சோறு இறங்கல அவருக்கு."

மருமகளின் கை நின்றது.

"லீக்குன்னா?"

"காத்து தீரப் போறப்ப அதுல விசில் அடிக்குமாமே. இவருக்கு முதல்ல அடிச்சுதாம். எப்பவும் கடைசியா இவருக்குத்தான் அடிக்கும். கூட போன பையனும் அதனால வெளிய வர வேண்டியதாப் போச்சு. ரெண்டு பேராப் போனா ரெண்டு பேராத்தான் வரணுமாம். அது அவங்க சட்டம்."

"சிலிண்டரை என்ன பண்ணினாங்க?"

"ரிப்பேருக்கு அனுப்பினாங்க."

"திரும்பி வந்துடுச்சா?"

"எனக்கெங்க தெரியும்?"

மழை விட்டது. கொல்லையில் வாளி உருளும் சத்தம் கேட்டது. தூங்கவில்லை அவர். மருமகள் சன்னல் வழியாகப் பார்த்தாள். லீடர் வாளிமேல் உட்கார்ந்திருந்தார். கையில் சிகரெட் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு நிறைய இழுத்தார். விரலை வளைத்துக் குழாய்போல் வாயில் வைத்து ஊதினார். சட்டென்று நிறுத்தினார். மறுபடி இழுத்தார். ஊதினார். அதே இடத்தில் நிறுத்தினார்.

அவள் மனதுக்குள் எண்ணினாள். ஆறு. மறுபடியும் ஆறு.

யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மூச்சு முழுக்கத் தீராவிட்டாலும், ஆறு வினாடி ஊதினால் மெஷின் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் சொட்டுவதை உள்ளேயே வைத்துக்கொண்டால் மொத்தம் குறையும். மொத்தம் குறைந்தால் முதல் வினாடியின் பங்கு ஏறும். எழுபதைத் தொட்டுவிடும். குறைவாக ஊதினால் நல்ல நுரையீரல் என்று எழுதிக் கொடுக்கும் மெஷின்.

"என்ன பண்றாரு?" என்று அத்தை கேட்டாள்.

"மூச்சுப் பயிற்சி," என்றாள் மருமகள்.

வெங்காயத்தை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள். பிறகு சொன்னாள்.

"நான் பொய் எழுத மாட்டேன் அத்தை. ஆனா மெஷினே சரின்னு சொல்லிட்டா, இது சரியில்லன்னு நான் கீழ எழுதணும். குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு. எழுதினா இந்த வீட்ல எப்படி இருக்கிறதுன்னு தெரியல. எழுதலன்னா எப்படி இருக்கிறதுன்னும் தெரியல."

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள்.

*

பத்தாம் நாள் காலை அவள் மெஷினோடு போனாள். வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். ஆள் இல்லை.

அன்று ஊத வேண்டியவர்கள் இரண்டு பேர். லீடர், ஏணி. ஏணி என்பது பட்டப்பெயர். நிலையத்திலேயே உயரமானவன். இருபத்தேழு வயது. முதல் முறை மெஷின் வந்த நாளில் அவன் பயிற்சிக்குப் போயிருந்தான். புகைக்குள் லீடருக்கு ஜோடி அவன்தான்.

அவள் படிவத்தில் உள்ளபடி கேட்டாள்.

"இன்னைக்கு சிகரெட் பிடிச்சீங்களா மாமா?"

"இல்ல."

"கடைசியா எப்ப?"

"முந்தாநேத்து."

டிரைவர் புருவத்தை உயர்த்தினார். அவள் எழுதிக்கொண்டாள். பத்து நாளில் அவர் அவளிடம் சொன்ன முதல் வார்த்தைகள் அவை.

மருந்தை உறிஞ்சச் சொன்னாள். கால் மணி நேரம் காத்திருந்தார்கள். சமையலறையில் முட்டை கொதிக்கும் சத்தம் கேட்டது. ஆபீஸர் வந்து கதவருகே நின்றார்.

"இழுங்க, இழுங்க, இன்னும். ஊதுங்க!"

டிரைவர் எண்ணினார். "நாலு, அஞ்சு, ஆறு." ஆறை மட்டும் அழுத்திச் சொன்னார். லீடர் குழாயை எடுத்தார்.

திரையில் பச்சை. எழுபத்தொன்று.

"சரியா இருக்கே," என்றார் ஆபீஸர்.

"மறுபடி பார்க்கறதுன்னா மூணு தடவை ஊதணும் சார்."

இரண்டாவது. "அஞ்சு, ஆறு." எழுபத்தொன்று. வளைவு பாதி வழியில் வெட்டினாற்போல் நின்றிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவள் அந்த அறையில் அவள் மட்டும்தான். அவள் லீடரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷம் ஆத்திக்குங்க," என்றாள்.

பேனா குறிப்பு என்ற கட்டத்தின் மேல் இருந்தது. எழுதவில்லை. எடுக்கவும் இல்லை.

ஏணி சுவரில் சாய்ந்து மூக்குக் கிளிப்பை விரலில் மாட்டித் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"லீடர், சொல்ல மறந்துட்டேன். நம்ம சிலிண்டர் ரிப்பேர்லேருந்து வந்துடுச்சு."

"என்னவாம்?"

"ஒரு குறையும் இல்லன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. அவங்களுக்கு என்ன, உள்ள போறது அவங்களா? நமக்குத்தான் தெரியும் அது லீக்குன்னு." குரலைத் தாழ்த்தினான். "நீங்க திரும்பி வந்ததும் அதை நான் மாட்டிக்கறேன். என்னோடதை நீங்க எடுத்துக்குங்க."

"எதுக்கு?"

"எனக்கு மூச்சு ஜாஸ்தி லீடர். லீக்கானாலும் சமாளிச்சுக்குவேன்."

"லீக்குன்னு தெரிஞ்சும் போட்டுக்குவியா?"

"கூட நீங்க இருப்பீங்கல்ல."

லீடர் அவனைப் பார்த்தார். சிறிது நேரம் பார்த்தார். ஏணிக்குச் சங்கடமாகி, கிளிப்பைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு மூக்கடைத்த குரலில் ஏதோ சொன்னான். டிரைவர் சிரித்தார். லீடர் சிரிக்கவில்லை.

"குழாயைக் குடும்மா," என்றார்.

அவள் புதிய அட்டைக் குழாயை மாட்டிக் கொடுத்தாள்.

"மாமா," என்றாள். "மூணுல எந்த மொத்தம் பெருசோ அதைத்தான் மெஷின் கணக்குக்கு எடுத்துக்கும்."

"சரி."

இழுத்தார். ஊதினார். அவள் கத்தவில்லை. டிரைவர்தான் எண்ணினார்.

"நாலு, அஞ்சு, ஆறு."

லீடர் நிறுத்தவில்லை.

"ஆறு," என்றார் டிரைவர் மறுபடி. "லீடர், ஆறு."

ஏழு. எட்டு. பழக்கத்தில் இரண்டு பேர் கூட எண்ணத் தொடங்கினார்கள். டிரைவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஏணி மட்டும் ஒன்றும் புரியாமல் உற்சாகமாக எண்ணினான். ஒன்பது. பத்து. "அப்படித்தான் லீடர்!" பதினொன்று. அறையில் அவன் குரல் மட்டும். லீடரின் நெற்றி மேசையைத் தொடும் அளவுக்கு வளைந்தது. குழாயில் காற்று போகும் சத்தமே இல்லை. திரையில் கோடு மட்டும் நகர்ந்தது. பதின்மூன்று. பதினான்கு.

பதினைந்தில் குழாய் அவர் வாயிலிருந்து நழுவியது. ஏணி கைதட்டினான். இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சுற்றிப் பார்த்தான்.

மெஷின் மூன்றிலும் பெரிய மொத்தத்தை எடுத்தது. பச்சை போய்ச் சிவப்பு வந்தது. அறுபத்துமூன்று.

மருமகள் கையெழுத்துப் போட்டாள். குறிப்புக் கட்டம் காலியாகவே இருந்தது. ஆபீஸர் தாளை வாங்கிப் பார்த்தார். லீடரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தாளை நான்காக மடித்தார். மடிக்கக் கூடாத தாள் அது.

"சிலிண்டர்ல கோளாறு இல்ல," என்றார் லீடர் ஏணியிடம். மூச்சு இன்னும் திரும்பவில்லை. வார்த்தைக்கு வார்த்தை நின்று சொன்னார். "அவங்க எழுதினது சரி. நீ உன் சிலிண்டரையே போடு."

"அப்ப அன்னிக்கு…"

"உட்காரு. உன் முறை."

ஏணி உட்கார்ந்தான். மருமகள் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினாள். அவன் ஊதினான். பெரிய சத்தம், டயர் வெடித்த மாதிரி. நான்கு வினாடியில் எல்லாம் தீர்ந்து, வாயைத் திறந்துகொண்டு அவளைப் பார்த்தான். திரையில் எண்பத்துநான்கு.

"நாலா?" என்றான். "ரொம்ப மோசம்ல?"

யாரும் கேலி செய்யவில்லை.

லீடர் எழுந்து கரும்பலகைக்குப் போனார். இடப்பக்கம், உள்ளே போகிறவர்கள் என்ற வரிசையில், பத்து நாளாக அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. துணியால் இரண்டையும் துடைத்தார். கீழே பம்பு என்ற வரிசையில் தன் பெயரை எழுதினார். எழுத்து கோணவில்லை. துணி கோட்டருகே வந்து நின்றது. ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு. சாக்பீஸ் கையில் இருந்தது. எண்களை அழிக்கவில்லை. கீழே பதினைந்து என்று எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"சைக்கிள்லயா வந்த?" என்று மருமகளிடம் கேட்டார்.

"ஆமா மாமா."

"பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு. காலைலயே பார்த்தேன். சாப்பிட்டுட்டுப் போ. நான் அடிச்சுத் தரேன்."

சமையல்காரர் தட்டுகளை வைத்தார். அறைக்குள் நடந்தது அவருக்குத் தெரியாது. பதினைந்து என்று ஏணி எண்ணியது மட்டும் காதில் விழுந்திருந்தது. இரண்டு முட்டைகளைக் கொண்டுவந்து லீடரின் தட்டில் வைத்தார். "இந்தத் தடவையும் நீங்கதானா?" என்றார்.

லீடர் முட்டைகளைக் கையில் எடுத்தார். சூடாக இருந்தன. மேசையைச் சுற்றிப் போய் ஏணியின் தட்டில் வைத்தார்.

ஏணி நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்கெதுக்கு லீடர்? நான் ஊதினது நாலே செகண்டு."

"அதான்," என்றார் லீடர்.